மூன்று முறை தொடங்கி வைத்த ஊசி

கல்லீரல் என்ற உறுப்பைப் பற்றி ஐம்பத்திரண்டு வயது வரை எனக்கு எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. இதயத்தைப் பற்றி இருந்தது. அது இல்லாமல் காதல் கடிதமும் எழுத முடியாது, இரங்கல் கூட்டத்திலும் பேச முடியாது. மூளையைப் பற்றி இருந்தது. அடுத்தவனுக்கு அது இல்லை என்பதே அந்த அபிப்பிராயம். கல்லீரலோ வலப்பக்க விலாவுக்கு அடியில், விடுப்பு எடுக்காமல், பதவி உயர்வு கேட்காமல், பழைய பியூன் மாதிரி வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு நாள் வராமல் போனால்தான், அலுவலகமே அவரால் ஓடிக்கொண்டிருந்தது தெரியவரும். எனக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனையில், இரண்டாவது பாட்டின் நடுவில்.

பாட்டுப் புத்தகத்தை நானும் பள்ளி ஆசிரியையான என் மனைவி எஸ்தரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தோம். அவள் பாடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். இருபத்தைந்து வருட இல்லறத்தில் அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது என்பதால் எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

"ஏங்க, உங்க கண்ணு மஞ்சளா இருக்கு" என்றாள்.

அதற்கு முன்பே கல்லீரல் முறைப்படி நோட்டீஸ் கொடுத்திருந்தது. இரண்டு வாரமாகக் காப்பி வாசனை குமட்டியது. தாம்பரம் ரயில்வே மேம்பாலத்தின் பாதிப் படியில் நின்று, நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பவன் போல் மூச்சு வாங்கினேன். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. இவை எல்லாவற்றுக்கும் நான் கண்டுபிடித்த காரணம் வெயில். தாம்பரத்தில் எந்த வியாதிக்கும் முதல் காரணம் வெயில்தான். இரண்டாவது காரணம் ஓட்டல் சாம்பார். நான் ஒரு கல்லூரியில் நூலகர். உடல்நலப் புத்தகங்கள் இருக்கும் அலமாரி என் மேசைக்கு எதிரிலேயே இருக்கிறது. இருபது வருடம் அதைத் தூசி தட்டியிருக்கிறேன். திறந்ததில்லை.

தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, புதன்கிழமை கேம்ப் ரோடு பக்கத்து லேபில் இரத்தம் எடுத்தார்கள். எடுத்த பெண் எனக்கு மயக்கம் வருமென்று முன்கூட்டியே தெரிந்தவள் போல நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தாள். மயக்கம் வந்தது. ஊசி என்றால் எனக்கு அப்படித்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

மறுநாள் ஜி.எஸ்.டி. சாலையில், ஊரப்பாக்கம் போகிற வழியில் உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அங்கே டாக்டர் நித்யா என்று கல்லீரல் நிபுணர் ஒருவர். என் பெண் வயதுதான் இருக்கும். என்னை "அங்கிள்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையில் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கும் கல்லீரல் வேண்டும் போலிருக்கிறது.

"இது ஹெபடைடிஸ் பி, அங்கிள். மஞ்சள் காமாலையில ஒரு வகை. வைரஸ் கல்லீரல்ல உட்கார்ந்திருக்கு."

பிறகு காகிதத்தில் எழுதிக் காட்டினார். நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். இந்தக் கிருமி ஒரு சட்டை போட்டிருக்கிறது. இரத்தத்தில் அந்தச் சட்டைத் துணி அகப்படுகிறதா என்று பார்ப்பது முதல் பரிசோதனை. அகப்பட்டால் ஆள் உள்ளே இருக்கிறான். அவன் நேற்று வந்தவனா, வருடக்கணக்காகக் குடியிருப்பவனா என்று பார்ப்பது இன்னொன்று. நேற்று வந்தவன் என்றால், பெரியவர்களின் உடம்பு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாவிட்டால் அவன் நிரந்தரக் குடித்தனக்காரன். வாடகையும் தரமாட்டான், வீட்டையும் இடிப்பான். என் உடம்பில் இருந்தவன் புதியவன். ஆனால் வந்த வேகத்தில் கல்லீரலை நன்றாகவே அடித்திருந்தான். இரத்தம் உறைவதற்கு எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. அது ஏறினால் கல்லீரல் கைவிடுகிறது என்று பொருள். அதனால் இங்கேயே படுக்க வேண்டும். தினமும் இரத்தம் எடுப்பார்கள். தினமும் என்ற சொல்லைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாக நோய் வந்தது.

டாக்டர் வரிசையாகக் கேள்விகள் கேட்டார். சமீபத்தில் பல் பிடுங்கினீர்களா, இரத்தம் ஏற்றினார்களா, வெளியே சவரம் செய்துகொள்வீர்களா. அதற்கடுத்த கேள்வியைச் சற்றுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். எஸ்தர் ஜன்னல் வழியாக ஜி.எஸ்.டி. சாலையில் போன லாரிகளை எண்ணினாள். இல்லை என்றேன். இந்தப் பதிலை இவ்வளவு தன்னிரக்கத்தோடு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்கு மாதம் முன்பு கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தேன்; சலூனில் வாரம் ஒரு முறை சவரம். அதிலா இதிலா என்று பல பேருக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விடும் என்றார் டாக்டர்.

"தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். லேமினேட் செய்தது. மூன்று தேதி, மூன்று முத்திரை, மூன்று கையெழுத்து. மேலே கொட்டை எழுத்தில்: வரிசை எண் 1.

"மூணும் போட்டிருக்கார் டாக்டர். எங்க நகர்லயே முதல் ஆள் இவர்தான்."

டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிகச் சிலருக்கு ஊசி போட்டும் எதிர்ப்பு உண்டாகாமல் போவதுண்டு, அபூர்வம்தான், என்று சொல்லி என் கேஸ் தாளில் அதைக் குறித்துக்கொண்டார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பல்லி இருந்தது. அதற்கு உண்மை தெரியும் போல இருந்தது.

உண்மை இதுதான். மூன்று வருடம் முன்பு ஊரெல்லாம் காமாலை பயம். தெருவுக்குத் தெரு முகாம், முகாமுக்கு முகாம் பேனர். செம்பாக்கத்தில் எங்கள் நகர் நலச் சங்கமும் ஒன்று போட்டது. செயலாளர் நான். ஊசி போட ஒப்புக்கொண்டவர் எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சுகுமார். மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துத் தானே ஸ்கூட்டரில் எடுத்து வந்தார். நம் ஊரில் எந்தக் காரியமும் தானாகத் தொடங்காது. யாராவது தொடங்கி வைக்க வேண்டும். ரேஷன் கடையாக இருந்தாலும், கழிவுநீர்க் குழாயாக இருந்தாலும் ஒருவர் நின்று, இன்னொருவர் தட்டு ஏந்தி, மூன்றாமவர் கைதட்டினால்தான் அது பிறந்ததாகக் கணக்கு. முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு முகாமைத் தொடங்கி வைப்பது செயலாளர் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை எழுதியவனும் நான்தான்.

சட்டைக் கையை மடித்து உட்கார்ந்தேன். நர்ஸ் மூடி கழற்றாத ஊசியை என் கையருகே பிடித்தார். சங்கத் தலைவர் தணிகாசலம் என் தோளில் கை வைத்தார். போட்டோகிராபர் "ஒரு நிமிஷம் சார், ரோல் மாத்திடறேன்" என்றார். அந்த ஒரு நிமிஷத்தில் என் காதுக்குள் கிணற்றுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. படம் எடுத்து முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டிவிட்டார்கள் என்றால் காரியம் முடிந்தது. நான் எழுந்து, "பொதுமக்கள் முதல்ல போடட்டும், நான் அப்புறமா" என்று நர்ஸிடம் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போய் இரண்டு வடை சாப்பிட்டேன். அட்டையில் முத்திரை முன்னதாகவே குத்தப்பட்டிருந்தது. தொடங்கி வைப்பவரின் அட்டையைத்தான் படத்தில் காட்ட வேண்டுமே.

இரண்டாவது ஊசி ஒரு மாதத்தில். அன்றும் தொடங்கி வைத்தேன். மூன்றாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தில். அதையும் தொடங்கி வைத்தேன். மூன்று படங்களில் மூன்றாவது நன்றாக விழுந்திருந்தது. சட்டமிட்டு எங்கள் கூடத்தில் மாட்டினோம். உள்ளூர் இலவச வாரப் பத்திரிகையில் 'ஊசிக்கு அஞ்சேல்' என்று ஒரு கட்டுரையும் எழுதினேன். நல்ல கட்டுரை. உவமைகள் எல்லாம் பொருத்தமாக இருந்தன. முகாம் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று எஸ்தரும் என் மகள் பியூலாவும் நிஜமாகவே போட்டுக்கொண்டார்கள், மூன்று முறையும். அவர்களுக்குப் படம் எடுக்கவில்லை.

மருத்துவமனைக்குத் திரும்புவோம். பொது வார்டில் ஆறு கட்டில். என் பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை, கோவளம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரர். அவரிடம் அதே கிருமிதான், ஆனால் நிரந்தரக் குடித்தனக்காரன். சின்ன வயதிலேயே வந்திருக்கும் என்றார்கள். வயிறு நீர் கோத்துப் பானை மாதிரி இருந்தது. அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசியவர் அவர் மனைவி கன்னியம்மா. காலையில் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, மதியத்துக்கு மேல் வந்து தரையில் உட்காருவார். வந்த அன்றே என்னைப் பார்த்து, "சார் இன்னா, ஒரேடியா மஞ்சள் பூசிகினு கீறாரு" என்றார். வார்டே சிரித்தது. பத்து நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சரியான நோயறிக்கை அது.

பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஆறு. இந்த இரண்டு மணி நேரத்தை ஒழித்தால் நாட்டில் பாதி நோயாளிகள் பிழைப்பார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. வந்தவர்கள் அத்தனை பேரும் வைத்தியர்கள். கல்லூரியில் வணிகவியல் சொல்லித்தருகிறவர் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்திருந்தார். வேரில் மண் இருந்தது. இன்னொருவர், ஆந்திரா பக்கம் கையில் சூடு போட்டே காமாலையை இறக்குகிறார்கள் என்றார். கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி நின்று, மூக்கில் கைக்குட்டையோடு சொன்னார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று ஒரு பழமொழியை வந்தவர்களில் நான்கு பேர் சொந்தச் சரக்கு போலச் சொன்னார்கள். நான் காமாலைக்காரன், சாட்சி சொல்கிறேன்: ஒன்றும் மஞ்சளாகத் தெரியாது. சுவர் மட்டும் மஞ்சள், அது பெயிண்ட்.

இந்த நோய் தும்மினால் வராது, தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. இரத்தத்தால் வரும், உடலுறவால் வரும், தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கு வரும். ஒரே பிளேடு, ஒரே பல் துலக்கும் பிரஷ், கொதிக்க வைக்காத ஊசி இவற்றால் வரும். டாக்டர் இதை எஸ்தரிடம் ஒரு முறைதான் சொன்னார். அன்றிலிருந்து, பார்வையாளர்கள் வரிசையாக நிற்கும்போது, நான் பாதி குடித்து வைத்த மோரை எஸ்தர் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி, மீதியைக் குடிப்பாள். கைக்குட்டைக்காரர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் அவள் சரியாகத் தூங்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. பியூலா கோயம்புத்தூரில், ஆறு மாதக் கர்ப்பம். அப்பாவைப் பார்க்க வருகிறேன் என்று தினமும் போன் செய்தாள். எஸ்தர் வராண்டாவுக்குப் போய், வராதே, வரவே வராதே என்று கடுமையாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவாள். காரணத்தை ஒரு நாள் சொன்னாள். உங்களுக்குப் போட்ட அதே பெட்டி மருந்துதானே எங்களுக்கும் போட்டது. உங்கள் உடம்பில் அது பிடிக்கவில்லை என்றால் எங்கள் உடம்பில் மட்டும் எப்படிப் பிடித்திருக்கும். எஸ்தரின் இரத்தத்தையும் எடுத்திருந்தார்கள். கிருமி இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை அந்த லேபில் வாரத்துக்கு ஒரு நாள்தான் ஓட்டுவார்கள். காத்திருக்க வேண்டும்.

ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் அன்று இரவு தூங்கியிருப்பாள். நான் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. சமாதானமாக, "கர்த்தர் பாத்துக்குவார்" என்றேன். மேலே இருப்பவரிடம் என் வேலையைத் தள்ளிவிடுவதில் எனக்கு எப்போதுமே கூச்சம் இருந்ததில்லை.

கன்னியம்மாவுக்கு டாக்டர் நித்யா ஒரு மாலை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே எல்லாம் விளக்கினார். ஏழுமலைக்கு இனி ஆயுள் முழுக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும், தவற விடக்கூடாது. கன்னியம்மாவுக்குக் கிருமி எப்போதோ வந்து, அவருக்கே தெரியாமல் போயும்விட்டது. உடம்பு அதைத் தெரிந்துவைத்திருக்கிறது, இனி வராது. "எனக்கு வந்துச்சா? எப்போ?" என்றார் கன்னியம்மா. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்த ஏதோ ஒரு மாதத்தில் ஜெயித்திருக்கிறார். நான் இரண்டு வாரம் வெயிலைத் திட்டிக்கொண்டு தோற்ற அதே போட்டி. குழந்தைகள் இரண்டு பேர், ஒன்பது வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். அவர்களுக்குப் பார்த்ததில் கிருமி இல்லை. சனிக்கிழமை முதல் ஊசி என்று முடிவாயிற்று.

"எத்தினி வாட்டிம்மா டெஸ்ட் எடுக்கணும் பசங்களுக்கு? வருசா வருசமா?"

"இல்லக்கா. மூணு ஊசி முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஒரே ஒரு தடவை. அப்பா கூட ஒரே வீட்டுல இருக்கறதால, பிடிச்சிருக்கான்னு பாக்கணும். பிடிச்சிருந்தா அவ்வளவுதான், அப்புறம் வேண்டாம்."

வருடா வருடம் 'முழு உடல் பரிசோதனை' என்று பத்துப் பக்கத் தாளோடு திரும்பி, அதைத் திறக்காமலே பீரோவில் வைத்துப் பூட்டும் எங்கள் நகர்வாசிகளை நினைத்துக்கொண்டேன். யாருக்கு எது எத்தனை முறை தேவை என்பதை ஒரு மீன்காரம்மா ஐந்து நிமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். எங்கள் ஆட்கள் தள்ளுபடி இருக்கிறதா என்று மட்டும் கேட்பார்கள்.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, தலைவர் தணிகாசலம் வந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. ஓய்வு அவருக்குத்தான், அதிகாரத்துக்கு அல்ல. கையில் கோப்பு. கோப்பில் தட்டச்சு செய்த மனு, ஐந்து பிரதி. டாக்டர் சுகுமார் முகாமில் போட்டது போலி மருந்து; செயலாளரே மூன்று ஊசியும் போட்டுக்கொண்டு இன்று உயிருக்குப் போராடுகிறார்; கிளினிக்கை இழுத்து மூட வேண்டும். 'உயிருக்குப் போராடுகிறார்' என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தது. இரத்தம் உறையும் நேரம் அன்று காலைதான் குறைய ஆரம்பித்திருந்தது. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது.

"இதுல ஒரு கையெழுத்து சார். கார்டு ஜெராக்ஸ் நானே எடுத்துக்கறேன். நகர்ல ஒருத்தரும் இப்ப குழந்தைங்களுக்கு ஊசி போட மாட்டேங்கறாங்க. போட வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். அந்த ஆளு தண்ணிய ஊத்திக் கொடுத்திருக்கான்."

எஸ்தர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா நிமிர்ந்தார்.

"டீச்சரம்மா, அப்ப நாளைக்கு நம்ப பசங்களுக்கு வோணாம். சாரு மாதிரி பெரிய மனுசனுக்கே தண்ணி ஊசின்னா, நம்பளுக்கு இன்னாத்த போடுவானுங்கோ?"

தலைவர் ஆமோதித்துத் தலையாட்டினார். ஏழுமலை பானை வயிற்றோடு என்னைப் பார்த்தார். நான்தான் படித்தவன், நான் ஏதாவது சொல்லுவேன் என்ற பார்வை. எனக்கு அன்று வீரம் ஒன்றும் வரவில்லை. தலைவர் நீட்டிய பேனாவைக்கூட வாங்கிவிட்டேன். நீல மை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எனக்காகப் புள்ளிக் கோடு அடித்திருந்தார்கள். எழுத்துப் பிழை இல்லாத மனு. ஒரு கையெழுத்துப் போட்டால் நான் தியாகி. எங்கள் கூடத்துப் படத்துக்கு மாலைகூடப் போடலாம். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

"அந்த ஊசிய நான் போட்டுக்கல" என்றேன்.

"எந்த ஊசிய?"

"எதையுமே."

எஸ்தர் கையில் ஆரஞ்சுத் தோல் பாதியில் நின்றது. "மூணு தடவையுமா?" என்றாள்.

"மூணு தடவையும்."

தலைவருக்கு இது பிடிபடவில்லை. கோப்பைத் திறந்து, மூடி, "அப்போ போட்டோ? நான் பக்கத்துலயே நின்னேனே சார்" என்றார்.

"போட்டோதான் எடுத்தாங்க. ஊசி போடல. மூடிகூடக் கழட்டல. நான் பின்னால போய் வடை சாப்பிட்டேன்."

முதலில் எழுந்தது கன்னியம்மாவின் சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, ஏழுமலையின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இம்மாம் பெரிய மீசைய வெச்சிகினு ஊசிக்கு பயந்துகினாரா? எங்கூட்டு சின்னது கூட கைய நீட்டும் சார்." ஏழுமலையும் சிரித்தார். சிரித்தால் அவருக்கு வயிறு வலிக்கும், பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தலைவர் மனுவின் ஐந்து பிரதியையும் எடுத்துக்கொண்டார். தன் முகமும் அந்தப் படத்தில் இருப்பதை அப்போதுதான் உணர்ந்தார் என்று நினைக்கிறேன். இந்த விஷயம் நமக்குள் இருக்கட்டும், சங்கத்தின் கௌரவம் இருக்கிறது என்றார். குழந்தைகளுக்கு ஊசி போடலாம் என்று நாளைக்கே வீடு வீடாகச் சொல்ல வேண்டும் என்றேன். காரணம் கேட்டால் என்னைச் சொல்லுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதாதா என்று கேட்டார். போகும்போது கீழாநெல்லி மட்டும் விடாமல் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எஸ்தர் ஆரஞ்சை உரித்து முடித்து, கொட்டை நீக்கி, சுளை சுளையாகத் தட்டில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். சாப்பிடச் சொல்லவில்லை. நானாக எடுத்துச் சாப்பிட்டேன். திருடன் மாதிரி இருந்தது.

மறுநாள் எஸ்தரின் எதிர்ப்புச் சக்திப் பரிசோதனை முடிவு வந்தது. பத்துக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்பது கணக்கு. எஸ்தருக்குப் பல மடங்கு இருந்தது. வருடங்கள் போகப் போக இந்த எண் குறையலாம், ஆனாலும் உடம்புக்கு நினைவு இருக்கும். மறுபடி மறுபடி ஊசியும் வேண்டாம், மறுபடி மறுபடி சோதனையும் வேண்டாம் என்றார் டாக்டர். பியூலாவுக்குக் கர்ப்பகாலச் சோதனையில் கிருமி இல்லை என்று ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். அவள் வரலாமா என்று எஸ்தர் கேட்டாள். தாராளமாக வரலாம், அப்பாவுக்கு வேண்டிய பழத்தையும் அவளே கொண்டுவரலாம் என்றார்.

டாக்டர் என் கேஸ் தாளில் பழைய குறிப்பை அடித்துவிட்டு ஏதோ எழுதினார். அவர் சிரிக்காமல் இருக்க எடுத்துக்கொண்ட முயற்சியை நான் மறக்கமாட்டேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சட்டைக் கையை மடித்தேன். "இப்ப போட்டுடுங்க டாக்டர். நான் தயார்."

"இனிமே தேவையில்ல அங்கிள். இப்ப போட்டு ஒண்ணும் ஆகாது. வந்தது போயிடுச்சுன்னா, உடம்பே தனக்குப் போட்டுக்கும்."

நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன். டாக்டர் போன பிறகுதான் எஸ்தர் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வடை சாப்பிட்டது பரவாயில்லங்க. இந்த ஒன்பது நாளா நான் என்ன நினைச்சுக்கிட்டு இருக்கேன்னு பாத்துக்கிட்டே படுத்திருந்தீங்களே."

இதற்குப் பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. நூலகத்திலும் தேடிவிட்டேன்.

வீடு திரும்பியபோது கூடத்துப் படம் அங்கேயே இருந்தது. கழற்றப் போனேன். எஸ்தர் விடவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்தி, காப்பி கொடுத்து, மூடி கழற்றாத ஊசியை விரலால் சுட்டிக்காட்டுகிறாள். செம்பாக்கத்தில் இந்தக் கதையை அறியாதவர் இப்போது யாருமில்லை. டாக்டர் சுகுமாரின் கிளினிக்குக்கு நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். மூன்று வருடமாக நான் ஏன் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறேன் என்று தான் யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நகரில் குழந்தைகள் மறுபடி ஊசிக்குப் போகிறார்கள். தணிகாசலம் தன் பேரனை அழைத்துப்போனதாகக் கேள்வி. பின்வாசல் வழியாக.

ஆறு மாதம் கழித்து எனக்குக் கடைசிச் சோதனை. ஆள் வெளியே போய்விட்டானா என்று பார்க்கும் சோதனை. அந்த ஆறு மாதத்தில் நான் என் கல்லீரலோடு மரியாதையாகப் பேசப் பழகியிருந்தேன். முடிவுக்காக ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சட்டைத் துணி அகப்படவில்லை, நோய் போய்விட்டது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், ஊசி போடும் அறையிலிருந்து கன்னியம்மா வெளியே வருகிறார், இரண்டு பிள்ளைகளோடு. அன்று அவர்களுக்கு மூன்றாவது ஊசி. ஏழுமலை மாத்திரையில் இருக்கிறார், வயிறு வற்றியிருக்கிறது, படகுக்குப் போகாமல் வலை மட்டும் பார்க்கிறார் என்றார்.

பழக்கதோஷம், நான் நூலகர் அல்லவா, அட்டையைக் கேட்டேன். "கார்டுல மூணாவது முத்திரை வாங்கிட்டீங்களா?"

கன்னியம்மா அட்டையை எடுக்கவே இல்லை. பெண்ணின் சட்டைக் கையைத் தோள் வரை தூக்கி, பிளாஸ்திரிக்கு அடியில் இருந்த பஞ்சை என் கண்ணுக்கு நேரே காட்டினார். பிறகு பையனுடையதை.

"நல்லா பாத்துக்கோ சார். போட்டோ இல்ல, ஊசி."